முப்பத்தொன்றாம் எண் வீட்டின் பச்சைக் கதவு

"தெரு ரெண்டாப் பிரியும்போது எதிர்வீட்டுக்காரனைத் தேடாதே, ஏன்னா…" என்று பிச்சைக்கண்ணுப் பெரியவர் மேல்நிலைத் தொட்டித் திறப்பு விழாவில் பேசியது கழுகுப்பாறையில் எல்லாருக்கும் நினைவிருந்தது. அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் யாருக்கும் தெரியவில்லை. சரியாக அந்த இடத்தில் மைக் செட் கூவத் தொடங்கியது. அது கூவி ஓய்வதற்குள் அவர் பேசி முடித்து, கைதட்டல் வாங்கி, ஒரு வடையைத் தின்று, வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே ஒரேயடியாகவும் போய்விட்டார். மீதியை அவரவர் வசதிக்கு அவரவர் முடித்துக்கொண்டார்கள். "ஏன்னா அவன் வாங்கிட்டுப் போன கடப்பாரை இனி வராது" என்பது சேவியர் கொத்தனாரின் முடிவு. "ஏன்னா அவனும் உன்னைத் தேடிட்டிருப்பான், ரெண்டு பேரும் வழியில தவறிருவீங்க" என்பது தெருக் கமிட்டித் தலைவர் ஞானப்பிரகாசம் அண்ணாச்சியின் முடிவு. சிதம்பரதாணு மட்டும் எந்த முடிவும் போடாமல் வைத்திருந்தார். சிங்கப்பூரில் ஒரு பாடநூல் அச்சகத்தில் இருபத்து மூன்று வருடம் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் பிழை திருத்தியவர் அவர். எழுதியவர் எழுதாத ஒரு சொல்லைத் திருத்துகிறவன் சேர்க்கக் கூடாது என்பது அவருக்கு எலும்பில் ஊறியிருந்தது.

கழுகுப்பாறையில் ஒரே ஒரு தெருதான் உண்டு. அது நேராகப் போகாது. அடிவாரத்தில் பம்ப் செட் அறையில் தொடங்கி, பாறையைச் சுற்றிச் சுற்றி, முறுக்குப் பிழிந்த மாதிரி ஏறி, உச்சியில் தண்ணீர்த் தொட்டியில் போய் முடியும். இரண்டு பக்கமும் வீடுகள், ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசை, இரட்டைப்படை எண்கள் எதிர் வரிசை, மொத்தம் அறுபத்து நான்கு. கதவுகள் நான்கு நிறம். நீலக் கதவுக்கு எதிரே எப்போதும் மஞ்சள் கதவு. சிவப்புக் கதவுக்கு எதிரே எப்போதும் பச்சைக் கதவு. நீலமும் மஞ்சளும் எதிரெதிராக நின்றால் இரண்டு மாடிகளுக்கும் நடுவே கப்பி போட்டு இரண்டு துணிக்கயிறு கட்டுவார்கள். சிவப்பும் பச்சையும் என்றால் மூன்று. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாற்றிக் கட்டினால் முடிச்சு நிற்காது, அவ்வளவுதான் தெரியும். எந்த ஆசாரியை வைத்து எந்த ஆணியில் கட்டினாலும், நீலத்திலிருந்து பச்சைக்குப் போட்ட கயிறு மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும். நீலக் கதவுக்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள், பச்சைக் கதவுக்காரர்கள் வாய் மூட மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சும் இருந்தது.

தாணு முப்பத்தொன்று, நீலக் கதவு. எதிரே முப்பத்திரண்டு, மஞ்சள் கதவு, உயிரியல் டீச்சர் பிரேமாவதி. அவருக்கு நாற்பத்தைந்து வயது, இவருக்கு நாற்பத்தெட்டு. அவரும் தனி, இவரும் தனி. ஊர் திரும்பிய இரண்டு வருடமாக இருவரும் இரண்டு கயிற்றைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். காலை ஏழு நாற்பதுக்கு டீச்சர் மாடியிலிருந்து "வணக்கம் சார்" என்பார். தாணு "வணக்கம் டீச்சர்" என்பார். அன்றைய பேச்சு அதோடு தீர்ந்தது. மற்றதெல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு இழுத்தால் என் துணி காயப்போட்டு முடிந்தது என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் மழை வருகிறது என்று அர்த்தம். மூன்று இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று இருவரும் தீர்மானித்ததில்லை. ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் தாணு துணிந்து மூன்று இழுக்கப் போய், இரண்டாவது இழுப்போடு கயிற்றை விட்டுவிட்டார். பொட்டுமேகம் இல்லாத அந்த வெயிலில் டீச்சர் ஓடி வந்து காயாத துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்.

தெரு பிரிந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு. பம்ப் செட் அறைக்கு அடுத்த முதல் ஜோடி வீடுகளில் கயிறு தானாக அவிழ்ந்தது, பிறகு அதற்கு மேலே, பிறகு அதற்கும் மேலே. இரட்டைக் கயிறுகள் சத்தமில்லாமல் அவிழ்ந்தன, மும்மடிக் கயிறுகள் கொஞ்சம் முரண்டு பிடித்து முனகி அவிழ்ந்தன. அவிழ அவிழ, முறுக்கு மெல்ல நேராகி, இரட்டைப்படை வரிசை முழுவதும், வீடு வாசல் ஆட்டுரல் கோழிக்கூண்டு சகிதம், ஒற்றைப்படை வரிசையை விட்டு விலகி, பாறையின் வடக்குப் பக்கமாக நகர்ந்து போகத் தொடங்கியது. யாரும் ஓடவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தவர்கள் பாலைப் பார்த்துக்கொண்டார்கள். தாணு தன் துண்டைக் கயிற்றில் போட்டு அனுப்பிய நேரம் அது. முடிச்சு கையில் தளர்ந்தது. எதிர்மாடி மெதுவாகப் பின்வாங்கியது. வாளியும் கையுமாக நின்ற டீச்சர் போய்க்கொண்டே சொன்னார்:

"சார், உங்க துண்டு என்கிட்ட வந்துட்டு."

தாணுவுக்குச் சொல்ல இரண்டு வருடத்துப் பேச்சு இருந்தது. "பரவாயில்லை" என்றார்.

மலையடிவாரத்தில் அரசாங்கத் திட்டத்தில் கட்டி, யாருக்கு ஒதுக்குவது என்று தீராமல், ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த தொகுப்பு வீடுகள் இருந்தன. நான்கு நிறத்திலும் கதவு வைத்துக் கட்டியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவை ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. தனித்து நின்ற ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் எதிரே, அதற்குப் பொருத்தமான கதவு வந்து நின்றது. இத்தனை வருடம் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு நின்ற வாசலுக்கு எதிர்வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன. அது பார்க்கப் பார்க்கப் புது வீட்டுக்குச் சன்னல் வந்தது, சன்னலில் துருப்பிடித்த கம்பி வந்தது, கம்பிக்குப் பின்னால் ஆள் வந்தது. மாலை நான்கு மணிக்குக் கதவுகள் திறந்தன; உள்ளிருந்து, தூங்கி எழுந்த முகத்தோடு, எதிர்வீட்டுக்காரர்கள் வந்து கோலப்பொடி டப்பாவைத் தேடினார்கள்.

இப்படியாகத் தெரு இரண்டானது. தென்தெருவில் பழைய ஒற்றைப்படை வரிசையும் புது இரட்டைப்படை வரிசையும். வடதெருவில் பழைய இரட்டைப்படை வரிசையும் புது ஒற்றைப்படை வரிசையும். தென்தெருவுக்கு வீடுகள் கீழிருந்து வரிசையாக ஏறி வந்து நின்றன. வடதெருவுக்கு மட்டும் ஏனோ மேலிருந்து கீழாக, நாலு நாலு வீடாக, துண்டு துண்டாக வந்தன. நடுவில் ஒரு முழம் இரண்டு முழம் சந்து விழுந்தது, சேவியர் கொத்தனார் சாந்துச் சட்டியோடு போய் எல்லாவற்றையும் பூசிச் சேர்த்தார். "எங்களுக்குன்னு வரும்போதுதான் எல்லாம் ஒட்டுவேலை" என்று வடதெருக்காரர்கள் அங்கலாய்த்தார்கள். கொத்தனார் சாந்து பூசிக்கொண்டிருந்தபோது எதிரே இன்னொரு சேவியர் கொத்தனார் கரண்டியோடு வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். "நான் இந்தப் பக்கம் பூசுதேன், நீரு அந்தப் பக்கம் பூசும்" என்றார் ஒருவர். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. ஊரில் அதற்குப் பிறகு யாரும் இதைக் கெட்டது என்று சொல்லவில்லை.

மின்சார மீட்டர் பார்க்கிறவர் வந்து, இரண்டு தெருவிலும் ஒரே எண்ணில் மீட்டர் ஓடுவதைப் பார்த்து, ஒரு தெருவை மட்டும் பார்த்துவிட்டு மற்றதில் மோர் குடித்துவிட்டுப் போனார். சலூன்காரர் ஒரே கதையை இரண்டு தரம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொண்டார். தென்தெரு ராஜப்பாவும் வடதெரு ராஜப்பாவும் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்று சீட்டுக் குலுக்கினார்கள், தோற்றவர் போனார். எது அசல் தெரு, எது நகல் தெரு என்று தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் கேட்டபோது, "ரெண்டுலயும் பாதி பழசு, பாதி புதுசு. நீங்க எந்தப் பாதிக்கு வந்தீங்க?" என்று ஞானப்பிரகாசம் அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். அவர் ஃபைலை மூடிவிட்டார்.

பிரேமாவதி டீச்சர், அதாவது வடதெருவுக்குப் போன பழைய டீச்சர், ஊர்க்கூட்டத்தில் எழுந்து விளக்கம் சொன்னார். பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் தான் கரும்பலகையில் வரைகிற முறுக்கேணி இதுதான் என்றார். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்று இரட்டை இழை இருக்கிறது, நாலே நாலு எழுத்துதான், இந்த எழுத்துக்கு எதிரே இந்த எழுத்துதான் நிற்கும், செல் இரண்டாகும் முன் இழை பிரிந்து, ஒவ்வொரு பழைய இழையும் தனக்கு எதிரே ஒரு புது இழையைக் கட்டிக்கொள்ளும், என்றார்.

"அப்போ நாம எல்லாம் ஒரு செல்லுக்குள்ளதான் இருக்கோமா டீச்சர்?" என்று ஒரு ராஜப்பா கேட்டார்.

"இருக்கலாம்."

"எதோட செல்லு?"

"அது பாடத்திட்டத்துல இல்ல."

கூட்டம் திருப்தியடைந்தது. பிறகு டீச்சர் இன்னொன்றும் சொன்னார். நகல் எடுக்கும்போது எங்காவது தப்பான கதவு வந்து நிற்கும். செல்லுக்குள்ளே அதைப் பார்த்துத் திருத்த ஆள் உண்டு. நமக்கும் ஒருவர் வேண்டும். அடுத்த ஞாயிறு கொத்தனாரின் பூச்சு காய்வதற்குள் திருத்திவிட வேண்டும், காய்ந்துவிட்டால் பிழையே சரியாகிவிடும், இனி எத்தனை தெரு பிரிந்தாலும் அது அப்படியே போகும். எல்லாத் தலையும் தாணுவின் பக்கம் திரும்பின.

தாணு தன் பழைய முறைப்படி வேலையைச் செய்தார். ஒரு பக்கத்தை அர்த்தத்தோடு படித்தால் கண் தப்பைத் தாண்டிப் போய்விடும். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். ஆகவே அவர் தொட்டியிலிருந்து பம்ப் செட் வரை, முதுகு காட்டி, பின்னோக்கி நடந்தே இரண்டு தெருவையும் படித்தார், கையில் நீளமான அட்டை, காதில் சிவப்புப் பென்சில். தென்தெருவின் புது வரிசையில் அடிவாரத்துக்குச் சமீபமாக எட்டாம் எண்ணில் ஒரு பிழை அகப்பட்டது: மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு. உள்ளே ராஜப்பாவின் அத்தான் இருந்தார், ஆனால் சிரிக்காத அத்தான். தாணு கதவில் அச்சகத்தில் போடுகிற வால் சுழித்த நீக்கல் குறியைப் போட்டார். மறுநாள் மத்தியானம் அந்த வீடு, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, தானாக இறங்கிப் போனது. ஒரு மஞ்சள் கதவு ஏறி வந்து அங்கே நின்றது, சிரிக்கிற அத்தான் வெளியே வந்தார், ஊர் மறந்துவிட்டது. தாணு மட்டும் சாயங்காலம் அடிவாரத்துக்குப் போய்ப் பார்த்தார். சிவப்புக் கதவு பூட்டியிருந்தது. சன்னலில் கம்பி இல்லை, உள்ளே ஆள் இல்லை; குக்கர்கூட இல்லை. ஒன்பது வருடமாகக் கிடந்த மாதிரியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவர் வடதெருவைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு வந்தவர் முப்பத்தொன்றில் நின்றார். அது தன் வீடு, அதாவது தன் வீட்டின் நகல், நீலக் கதவாக இருந்திருக்க வேண்டியது. பச்சையாக இருந்தது. உள்ளே யாரோ கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார்கள். குரல் தாணுவுடையது.

எதிர்பார்த்தபடியே துணிக்கயிறு இரண்டும் தெருவில் அவிழ்ந்து கிடந்தன. மஞ்சள் கதவு திறந்து டீச்சர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைக் கதவு திறந்து, ஈரத் தலையும், அன்று போன அந்தத் துண்டும் தோளுமாகச் சிதம்பரதாணு வந்தார். இருவரும் தெருவின் நடுவில் சந்தித்தார்கள்.

"டீச்சர், நேத்து நீங்க போட்ட முடிச்சுதான் முதல்ல அவுந்துச்சு, நான் பார்த்தேன்லா."

"பார்த்துக்கிட்டு நின்னீங்களாக்கும். ஓடி வந்து பிடிக்க வேண்டியதுதானே."

"பிடிச்சா இன்னைக்கு எப்படிக் கட்டுறது?"

டீச்சர் சிரித்தார். இரண்டு வருடத்தில் நீலக் கதவுத் தாணு அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறி, பிறகு வாயைப் பொத்தினாலும் நிற்காத சிரிப்பு. கயிற்றைக் கட்டி முடிக்க இருபது நிமிஷம் ஆனது, இரண்டே முடிச்சுக்கு. அதற்குள் அவர்கள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரைப் பற்றியும், தேங்காய்ச் சட்னிக்குப் பூண்டு போடலாமா என்பது பற்றியும், டீச்சரின் அப்பா தறியில் விரலை இழந்த கதையும் பேசிவிட்டார்கள். அந்த அப்பாவுக்கு ஒன்பது விரல் என்பதே தாணுவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பச்சைக் கதவுத் தாணு திரும்பியபோது அட்டையும் பென்சிலுமாக நின்றவரைப் பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி. எப்படியும் வருவீங்கன்னு தெரியும்."

"நீங்க என்னை அண்ணாச்சிங்க வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு."

"அதெப்படி, நான் போன சனிக்கிழமை வந்தவன். நீங்க பெரியவருதான்." அவர் உள்ளே போய் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். "அந்தப் பென்சிலு எதுக்குன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் கீழ வையுங்களேன்."

தாணு வைக்கவில்லை. கேட்டார்: "பிச்சைக்கண்ணுப் பெரியவர் பேசினது உங்களுக்கு நினைவிருக்கா?"

"ஏன் இல்ல. நீங்க எங்க உக்காந்திருந்தீங்களோ நானும் அங்கதானே உக்காந்திருந்தேன். தேடாதே, ஏன்னா உன் வாசல்தான் எதிர்வாசலை வரைஞ்சிக்கிடும்."

"அந்தப் பாதி உங்களுக்குக் கேட்டுதா?"

"கேக்கல. நானாப் போட்டு வச்சிருக்கேன்."

தாணு காப்பியைக் குடித்தார். சர்க்கரை அதிகம். அந்த வாக்கியம் அவருக்குள் முள்ளாகக் குத்தியது. புது வீட்டை வரைந்தது எதிர்வாசல் என்றால், இந்தப் பச்சைக் கதவை வரைந்தது மஞ்சள் கதவு. அது நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சமயம் வந்தபோது வேறொன்றை வரைந்திருக்கிறது. பிழை ஏறி வந்த வீட்டில் நடந்ததா, பார்த்துக்கொண்டு நின்ற வீட்டில் நடந்ததா என்று இருபத்து மூன்று வருட அனுபவத்தால் அவரால் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது டீச்சர் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றார்.

"திருத்திருவீங்களா சார்?"

"மஞ்சளுக்கு எதிர்ல பச்சை. விதிப்படி பிழைதான் டீச்சர்."

"ஆமா. பிழைதான்." அவர் பையின் வாரைச் சரிசெய்தார். "தினமும் கயிறு கட்ட வேண்டியிருக்கு. துணியெல்லாம் மண்ணு. ஸ்கூலுக்கு மூணு நாளா லேட்டு."

"அப்போ திருத்திரலாம்னுதான் சொல்லுதீங்களா?"

"நான் எதுவும் சொல்லல. பிள்ளைங்க பரீட்சையில ஒரு கேள்வி வரும் சார், பிழையே நடக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு. நாம எல்லாரும் இன்னும் குளத்துப் பாசியாத்தான் இருந்திருப்போம்னு எழுதினா ரெண்டு மார்க்." கொஞ்சம் நடந்து போய்த் திரும்பினார். "அவரு இறங்கிப் போயிட்டா, ஏறி வர்றவரு உங்க மாதிரியே இருப்பாரு, இல்லையா சார்?"

"என்னை மாதிரியேதான் இருப்பேன். இருப்பாரு."

"சரி சார்" என்று டீச்சர் போனார்.

தென்தெருவில், அவருடைய சொந்த நீலக் கதவுக்கு எதிரே, புது பிரேமாவதி டீச்சர் ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல் வந்திருந்தார். சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு "வணக்கம் சார்" என்றார். அதே குரல், நெற்றியில் அதே சிறு தழும்பு. அந்தச் சித்திரை வெயிலில் துணியை அள்ளிக்கொண்டு ஓடியதுகூட நினைவிருக்கும். கயிறு இரண்டும் விறைப்பாக நின்றன. தெரு பிரிந்த அந்தக் காலையைத் தவிர இந்தக் கயிறுகள் ஒருநாளும் தளர்ந்ததில்லை, ஆகவே ஒருநாளும் யாரும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரத் தேவைப்பட்டதில்லை. தாணு "வணக்கம் டீச்சர்" என்றார். துணி காயப்போட்டார். ஒரு இழுப்பு இழுத்தார். எதிரிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. இந்த அம்மாவுக்கும் அப்பா உண்டு, அவருக்கும் ஒன்பது விரல்தான் இருக்கும், என்று நினைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் மாடியிலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கமிட்டி கூடியது. வடதெருப் பூச்சு முக்கால்வாசி காய்ந்திருந்தது. இரண்டு ஞானப்பிரகாசம் அண்ணாச்சிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தாணுவின் பட்டியலை உரக்கப் படித்தார், மற்றவர் டிக் போட்டார். எட்டில் திருத்தம் ஆயிற்று. பத்தொன்பதில் கொல்லைப்புற முருங்கை இடம் மாறி நிற்கிறது, இருக்கட்டும். நாற்பத்தாறில் நாய்க்குப் பதில் பூனை, வீட்டுக்காரர்கள் சம்மதம்.

"வடதெரு முப்பத்தொன்னு?" என்று படித்தவர் நிமிர்ந்தார். "இங்க ஒண்ணும் எழுதலயே தாணு. அது உங்க வீடுல்லா. பச்சைக் கதவுன்னு ஊரே சொல்லுது."

"அந்த ஆளு பாடுத பாட்டைக் கேட்டா எனக்கே நீக்கல் குறி போடத் தோணும்" என்றார் ஒரு ராஜப்பா. கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் பச்சைக் கதவுத் தாணு சிரிக்கவில்லை. துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். டீச்சர்கள் இருவரும் பெண்கள் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே மாதிரி கைகட்டி, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்க, பூச்சு காயுது" என்றார் வடதெருக் கொத்தனார். "பிழையா, சரியா?"

சிதம்பரதாணு எழுந்து பெஞ்சுக்குப் போனார், காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார், முப்பத்தொன்று என்ற எண்ணுக்கு நேரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தென்தெருவுக்கு நடந்து வந்து, ஸ்டூல் போட்டு மாடிக் கப்பியை எட்டி, தன் பக்கத்து முடிச்சுகள் இரண்டையும் அவிழ்த்தார். எதிர்வீட்டு டீச்சர், கூட்டம் முடிந்து வரும்வரை கயிற்று நுனிகளைக் கையில் பிடித்தபடி தெருவின் நடுவில் நின்றார்.